கல்லூரியில் புதிதாக மல்யுத்த அணி: முதல் ஆண்டைத் தாண்டுவது எப்படி?

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் மல்யுத்த அணி தொடங்குகிறவர்களில் பலர் மல்யுத்தக்காரர்கள் இல்லை. உடற்கல்வி இயக்குநராக இருப்பார், கபடியோ தடகளமோ ஆடி வந்தவராக இருப்பார், பல்கலைக்கழகம் அனுப்பும் போட்டி அட்டவணையில் மல்யுத்தம் என்று ஒரு வரி இருப்பதைப் பார்த்து நாமும் ஒரு அணியைப் போட்டால் என்ன என்று நினைத்திருப்பார். இல்லையென்றால் பாட்டியாலாவில் பயிற்சியாளர் படிப்பை முடித்துவிட்டு, மேட்டையே (மல்யுத்தம் ஆடும் மெத்தை விரிப்பை) பார்த்திராத ஒரு வளாகத்தில் வேலைக்குச் சேர்ந்த இளைஞராக இருப்பார். இந்த இரண்டு பேருக்காகவும்தான் எழுதுகிறேன்.

முதல் ஆண்டில் உங்கள் வேலை பதக்கம் வாங்குவது இல்லை. ஜூலையில் சேர்ந்த பிள்ளை மார்ச்சிலும் மேட்டில் நிற்க வேண்டும், அதுதான் வேலை. அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினால் முதல் நாள் கூட்டம் வரும், அதில் சந்தேகமே வேண்டாம். இரண்டாவது மாதத்தில் அந்தக் கூட்டம் எங்கே போனது என்று பார்த்தால் காரணங்கள் எல்லா ஊரிலும் ஒன்றேதான்: விழத் தெரியாமல் விழுந்து கை பிசகியது, படர்தாமரை வந்தது, எடை குறைக்கச் சொல்லிப் பட்டினி போட்டார்கள், வருகைப்பதிவு குறைந்தது, வீட்டில் பயந்தார்கள். இதில் எதற்கும் பிடி போடும் திறமைக்கும் சம்பந்தமே இல்லை. இந்த ஐந்தையும் அடைத்துவிட்டால் பாதி அணி உருவாகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

முதலில் கடிதம், அப்புறம் மேட்

மேட் வாங்கப் பணம் கேட்டு முதல்வர் அறைக்குப் போவதற்கு முன்னால் பணமே தேவைப்படாத மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஒன்று, பயிற்சிக்கென ஒரு அறை. செய்முறைத் தேர்வு வந்தால் காலி செய், கலைவிழா வந்தால் காலி செய் என்று யாரும் சொல்லாத அறை. இரண்டு, போட்டி நாட்களுக்கான ஓ.டி. (வகுப்புக்கு வராவிட்டாலும் வந்ததாகக் கணக்கிடும் ஆன் டியூட்டி) பற்றி முதல்வர் கையெழுத்திட்ட சுற்றறிக்கை, அதன் நகல் எல்லாத் துறைத் தலைவர்களுக்கும் போயிருக்க வேண்டும். 75 சதவீத வருகைப்பதிவு என்ற கோட்டில் நிற்கிற மாணவனுக்கு இரண்டு நாள் ஓ.டி. கிடைக்காமல் போனால் அவன் மேட்டை விட்டுத்தான் ஆக வேண்டும், அவனைக் குறை சொல்ல முடியாது. மூன்று, அடிபட்டால் எந்த மருத்துவமனைக்கு, எந்த வண்டியில், யார் செலவில் என்பது. கல்லூரி எடுத்திருக்கும் மாணவர் காப்பீட்டில் விளையாட்டுக் காயம் அடங்குமா என்று அலுவலகத்தில் கேட்டு, பாலிசி தாளை நீங்களே ஒருமுறை படித்துவிடுங்கள்.

நிர்வாகத்திடம் பேசும்போது சொல்வதற்கு ஒரு நல்ல கதை இருக்கிறது. சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் மல்யுத்தத்தில் வந்தது, 1952 ஹெல்சிங்கியில், கே.டி. ஜாதவ் வென்ற வெண்கலம். அவர் கோலாப்பூர் ராஜாராம் கல்லூரியில் படித்தவர். ஹெல்சிங்கி போகப் பணம் இல்லாதபோது அந்தக் கல்லூரியின் முதல்வர் தன் வீட்டை அடமானம் வைத்து 7,000 ரூபாய் கொடுத்தார் என்பார்கள். உங்கள் முதல்வரிடம் வீட்டை யாரும் கேட்கவில்லை, ஒரு அறையைத்தான் கேட்கிறீர்கள். இதை நான் உண்மையாகவே சொல்லிப் பார்க்கச் சொல்கிறேன், நல்ல முதல்வர்களுக்கு இது மனசில் தைக்கும்.

பயிற்சியாளர் விஷயம். நீங்கள் மல்யுத்தம் ஆடாதவர் என்றால் வாரத்தில் இரண்டு நாளாவது தெரிந்தவர் ஒருவர் வந்தாக வேண்டும். காவல்துறை, ராணுவ அணிகளில் ஆடி ஓய்வு பெற்றவர்கள் பல மாவட்டங்களில் இருக்கிறார்கள். மாநில மல்யுத்தச் சங்கத்திலும் மாவட்ட விளையாட்டு அலுவலகத்திலும் கேட்டால் பெயர் கிடைக்கும். பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனம் (என்.ஐ.எஸ்.) நடத்தும் ஆறு வாரச் சான்றிதழ் பயிற்சிக்கு நீங்களே கோடை விடுமுறையில் போய் வருவதும் நல்ல யோசனை. ஆனால் காணொளி பார்த்தே கற்றுக்கொடுத்துவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். பிடியை வேண்டுமானால் காணொளியில் பார்த்துப் புரிந்துகொள்ளலாம், ஆள் கீழே வரும்போது எந்த நொடியில் கையை விட வேண்டும் என்பது அதில் தெரியாது.

இடமும் மேட்டும்

சர்வதேசப் போட்டி மேட் 12க்கு 12 மீட்டர். நடுவில் 9 மீட்டர் விட்டமுள்ள வட்டம், அதன் ஓரத்தில் உள்பக்கமாக 1 மீட்டர் அகல ஆரஞ்சுப் பட்டை, வெளியே 1.5 மீட்டர் பாதுகாப்புப் பகுதி. இதைப் புதிதாக வாங்கினால் லட்சக்கணக்கில் ஆகும். முதல் ஆண்டிலேயே இது வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். ஒரு ஜோடி பயிற்சி செய்ய ஏறக்குறைய 3க்கு 3 மீட்டர் வேண்டும், அப்படிப் பார்த்தால் 8க்கு 8 மீட்டர் மேட்டில் ஐந்தாறு ஜோடி நிம்மதியாக வேலை செய்யலாம். தொடக்கத்துக்கு அது போதும்.

பணமே இல்லை என்றால் ஜூடோ மேட்டுகளை நெருக்கமாக அடுக்கி, மேலே இழுத்துக் கட்டிய ரெக்சின் விரிப்புப் போட்டுத் தொடங்கலாம். விரிப்பு இல்லாமல் வேண்டாம், ஜூடோ மேட்டின் சொரசொரப்பான மேற்பரப்பு முழங்காலையும் முழங்கையையும் தேய்த்து எடுத்துவிடும். ஜிம்னாஸ்டிக்ஸ் மெத்தை பக்கமே போகாதீர்கள். பார்க்க மெத்தென்று பாதுகாப்பாகத் தெரியும், ஆனால் அதில் பாதம் புதையும், பாதம் புதைந்து நிற்கும்போது உடம்பு திரும்பினால் முழங்கால் போய்விடும்.

இன்னொன்று, சிமெண்ட் தரையில் நேராகப் போட்ட மேட்டுக்கு அடியில் ஈரம் தங்கும். சென்னை, கடலூர், தூத்துக்குடி மாதிரி கடலோர ஊர்களில் சில வாரத்திலேயே அடிப்பக்கம் பூஞ்சை பிடித்துவிடும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஓரத்தைத் தூக்கி நிறுத்திக் காயவிட வேண்டும். சுவரும் தூணும் மேட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் ஆள் உயரத்துக்கு ஸ்பாஞ்ச் கட்டியே ஆக வேண்டும், அது முடியாமல் ஒருநாள்கூடப் பயிற்சி வேண்டாம். தகரக் கூரை போட்ட உள்ளரங்கம் கிடைத்தால் மதியமும் மாலையும் தவிர்த்துக் காலை 6 மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பொறியியல் கல்லூரிகளில் சாயங்காலம் கல்லூரிப் பேருந்து கிளம்பியதும் வீட்டிலிருந்து வருகிற பிள்ளைகள் போய்விடுவார்கள், ஆகவே முதல் ஆண்டு அணியின் முதுகெலும்பு விடுதி மாணவர்கள்தான். விடுதி என்றால் காலை நேரம்தான் தோது.

மண் கோதா போட்டால் செலவு குறைவு என்று சிலர் சொல்வார்கள். கோலாப்பூர் தாலீம்களில் (மல்யுத்தப் பயிற்சிக் கூடங்களில்) இன்றும் மண்ணில்தான் உடம்பை உரமேற்றுகிறார்கள், எனக்கும் அந்த மண் மேல் பெரிய மரியாதை உண்டு. ஆனால் மண்ணின் வேகம் வேறு, மேட்டின் வேகம் வேறு. உங்கள் பிள்ளைகள் போட்டியிடப் போவது மேட்டில்.

யாரைச் சேர்ப்பது

மல்யுத்தம் தெரிந்தவர்களைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். வேறு விளையாட்டில் பாதி கற்றுவிட்டு வந்தவர்களைத் தேடுங்கள்.

முதலில் கபடிப் பிள்ளைகள். நம் ஊரில் கபடி ஆடாத கிராமம் குறைவு. கணுக்காலைப் பிடிப்பது, தொடையை அணைப்பது, பிடித்ததை விடாமல் தொங்குவது எல்லாம் ஏற்கெனவே கையில் இருக்கும், எதிராளியின் ஒரு காலைப் பிடித்து வீழ்த்தும் சிங்கிள் லெக் பிடியை இவர்கள் ஒரு வாரத்தில் பழகிவிடுவார்கள். இவர்களிடம் மாற்ற வேண்டியது ஒன்றுதான்: கபடியில் பிடித்தவுடன் நாலு பேர் வந்து விழுவார்கள், இங்கே யாரும் வரமாட்டார்கள், பிடித்த காலை நீயேதான் முடித்து வைக்க வேண்டும். அப்புறம் ஜூடோக்காரர்கள். விழவும் தெரியும், இடுப்பில் தூக்கிப் போடவும் தெரியும். ஆனால் ஜூடோவில் 2010க்குப் பிறகு காலைப் பிடிக்கும் தாக்குதல்களுக்குத் தடை வந்து, 2013இல் அது முழுத் தடையாகிவிட்டது, அதனால் இன்றைய ஜூடோப் பிள்ளைகள் நிமிர்ந்து நிற்பார்கள், காலைக் காக்கத் தெரியாது. ஆண்களில் இவர்களை கிரேக்கோ ரோமன் பிரிவுக்குத் தயார் செய்வது புத்திசாலித்தனம், அங்கே இடுப்புக்குக் கீழே தொடவே கூடாது. பெண்களுக்குக் காலையும் பிடிக்கலாம் என்கிற ஃப்ரீஸ்டைல் மட்டும்தான் என்பதால் ஜூடோ மாணவிகளுக்குக் கால் தற்காப்பை முதல் நாளிலிருந்தே சொல்லிக்கொடுங்கள்.

மூன்றாவது கூட்டத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். 100 கிலோவுக்குப் பக்கத்தில் இருக்கும் பையன், பள்ளியில் எந்த அணியிலும் யாரும் சேர்த்துக்கொள்ளாதவன், விளையாட்டு வகுப்பில் ஓரமாக உட்கார வைக்கப்பட்டவன். அவனுக்கு 97, 125 கிலோ பிரிவுகள் காத்திருக்கின்றன, கல்லூரி அளவில் அந்தப் பிரிவுகளில் கூட்டமும் குறைவு. அதே மாதிரி 48, 49 கிலோ இருக்கிற மாணவி, 'நீ ஒல்லி, உனக்கு எதுக்கு' என்று கேட்டே பழகியவள், பெண்கள் 50 கிலோவில் அவள் அளவு ஆட்கள்தான் எதிரே வருவார்கள். கனமானவர்களையும் ஒல்லியானவர்களையும் ஒரே மரியாதையோடு உள்ளே கூப்பிடுகிற விளையாட்டு இது. அந்தப் பிள்ளைகளை நேரில் போய்ப் பார்த்துக் கூப்பிடுங்கள், அறிவிப்புப் பலகையைப் பார்த்து அவர்கள் வரமாட்டார்கள்.

முதல் ஆறு வாரம்

இந்த ஆறு வாரம்தான் எல்லாம், ஆகவே இதை விரிவாகச் சொல்கிறேன்.

முதல் இரண்டு வாரம் விழக் கற்றுக்கொடுப்பது மட்டும். பின்னால் விழுவதை, குந்தி உட்கார்ந்த நிலையிலிருந்து தொடங்குங்கள்: தாடை நெஞ்சில் ஒட்டியிருக்க வேண்டும், பார்வை தன் வயிற்றைப் பார்க்க வேண்டும், முதுகு வளைந்து உருள வேண்டும், இரண்டு உள்ளங்கையும் உடம்பிலிருந்து கொஞ்சம் தள்ளி மேட்டில் அறைய வேண்டும். புதிதாக வருகிறவர் எல்லோரும் செய்யும் தவறு, விழும்போது கையை நீட்டித் தரையில் ஊன்றுவது. உடம்பின் முழு எடையும் நீட்டிய கையில் இறங்கினால் மணிக்கட்டோ முழங்கையோ தாங்காது. கபடியிலிருந்து வருகிறவர்களுக்கு இந்தப் பழக்கம் ஆழமாக இருக்கும். இதை மாற்ற நான் சொல்லும் வழி, இரண்டு கையிலும் ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு உருளச் சொல்வது. கை துண்டில் மாட்டியிருக்கும்போது ஊன்றத் தோன்றாது, சில நாளில் உடம்பே உருளப் பழகிவிடும். குந்தியிலிருந்து சரியாக வந்தவுடன் நின்ற நிலையிலிருந்து, அப்புறம் ஒருவர் மெதுவாகத் தள்ளிவிட. இடையில் முன்னால் உருளுவது, பக்கவாட்டில் விழுவது. கழுத்துக்கு, தலையை மேட்டில் வைத்து வில்லாக வளைகிற பிரிட்ஜை அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். முதலில் கையை ஊன்றிக்கொண்டு, எடை முழுவதும் கழுத்தில் இறங்காமல், சில விநாடிகள் மட்டும்.

உடம்பு சூடேற்ற நம் தண்டாலும் பஸ்கியும் போதும். ஜிம் கருவிகளைவிட இந்த விளையாட்டுக்கு அவைதான் பொருத்தம் என்பது என் அபிப்பிராயம். தண்டால் எடுக்கும்போது உடம்பு கீழே இறங்கி முன்னால் வழுக்கி மேலே வருகிற அந்த அசைவு, எதிராளியின் காலுக்குள் நுழைகிற அசைவுக்கு மிகவும் நெருக்கம்.

மூன்றாவது வாரத்தில் நிற்கும் நிலை. ஒரு கால் கொஞ்சம் முன்னால், முழங்கால் மடங்கி, முழங்கை விலாவை ஒட்டி, நெற்றி எதிராளியின் நெற்றி உயரத்துக்குக் கீழே. இதில் நின்றபடி முன்னும் பின்னும் நகர்வது, ஒருவர் தலையை ஒருவர் கையால் தட்டி உயரத்தை மாற்றுவது. அப்புறம் நுழையும் அடி. முன்கால் எதிராளியின் இரண்டு பாதத்துக்கும் நடுவில் போக வேண்டும், இடுப்பு தலைக்கு நேர் கீழே இருக்க வேண்டும், முழங்கால் மேட்டைத் தொட்டு வழுக்க வேண்டும், குத்தக் கூடாது. தலை குனிந்து நுழைகிற பையனை உடனே நிறுத்துங்கள், ஒருமுறைகூட விடாதீர்கள். தலை தொங்கியபடி நுழைந்தால் எதிராளியின் மொத்த எடையும் கழுத்தின் மேல் வரும்.

நான்காவது, ஐந்தாவது வாரங்களில் ஆறே ஆறு விஷயம்: சிங்கிள் லெக், இரண்டு காலையும் பிடிக்கும் டபுள் லெக், இவற்றுக்கு எதிராக இடுப்பைப் பின்னால் எறிந்து மேலே படுக்கிற ஸ்ப்ரால், ஸ்ப்ராலிலிருந்து சுற்றிப் பின்னால் போவது, கீழே படுத்தவனை இடுப்பைப் பிடித்து உருட்டுவது, தன் முதுகு மேட்டைப் பார்க்கும்போது பிரிட்ஜில் திரும்பித் தப்பிப்பது. கலாஜங், தோபி, தாக் என்று வட இந்தியப் பயில்வான்கள் பேர் சொல்லும் எறிதல்களைப் பார்த்துப் பிள்ளைகள் ஆசைப்படுவார்கள், அது இயல்புதான். இரண்டாம் ஆண்டு வரட்டும்.

ஆறாவது வாரத்தில்கூட முழுப் போட்டி வைக்காதீர்கள். ஒருவன் கால் ஏற்கெனவே பிடிபட்ட நிலையிலிருந்து தொடங்கி 30 விநாடி, பிடித்தவன் வீழ்த்த வேண்டும், மற்றவன் தப்ப வேண்டும், அவ்வளவுதான். ஜோடி சேர்க்கும்போது எடை வித்தியாசம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தட்டினால் உடனே விட வேண்டும், 'விடு' என்று உங்கள் குரல் கேட்டால் விட வேண்டும், விரலைப் பிடித்து இழுக்கக் கூடாது, கழுத்தை நெரிக்கக் கூடாது, கையை 90 டிகிரிக்கு மேல் முறுக்கக் கூடாது. இந்த விதிகளைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். கோதாவில் இறங்கிவிட்டால் நட்பு மறந்துபோகும், சுவர் ஞாபகப்படுத்தும்.

தோல் விஷயத்தில் விளையாடாதீர்கள்

புது அணியை மூடவைப்பதில் எலும்பு முறிவைவிடப் படர்தாமரைக்குப் பங்கு அதிகம். ஒருவன் கழுத்தில் காசு அளவு வட்டமாகத் தொடங்கும், அடுத்த வாரம் அவனோடு ஜோடி சேர்ந்த மூன்று பேருக்கு வந்திருக்கும், அப்புறம் விடுதி அறையில் அதே துண்டைப் பயன்படுத்தியவனுக்கும்.

தினமும் பயிற்சிக்கு முன்னால் ஒரு நிமிடம், வரிசையில் நிறுத்தி முகம், கழுத்து, முன்கை, முழங்கால் பாருங்கள். மாணவிகளுக்கு இதைப் பெண் ஊழியர் செய்யட்டும். வட்டமான சிவப்புத் தடிப்பு, நீர்க்கொப்புளக் கூட்டம், தேன் நிறத்தில் பொருக்குத் தட்டிய புண், இந்த மூன்றில் எது இருந்தாலும் அன்று மேட்டில் இறங்கக் கூடாது. வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள், ஓரத்தில் தனியாக ஓட்டமும் பஸ்கியும் செய்யட்டும். ஒதுக்கிவைத்த மாதிரி ஆகிவிட்டால் அடுத்த முறை மறைப்பான். அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த விதிப்படி தோலில் படர்தாமரை வந்தவர் குறைந்தது 72 மணி நேரம் மருந்து போட்ட பிறகுதான் மேட்டுக்குத் திரும்பலாம். நம் ஈரப்பதத்துக்கு நான் அதற்கும் மேலே காத்திருக்கச் சொல்வேன், தோல் மருத்துவர் சரி என்று சொல்லும் வரைக்கும்.

மருத்துவர் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மருந்துக் கடையில் போய் 'அரிப்புக்கு ஒரு கிரீம்' என்று கேட்டால் பல நேரம் கையில் வருவது ஸ்டீராய்டு கலந்த கூட்டுக் கிரீம். இரண்டே நாளில் சிவப்பும் அரிப்பும் அடங்கிவிடும், பையன் குணமாகிவிட்டது என்று நினைத்து மேட்டில் இறங்குவான், உள்ளே பூஞ்சை முன்பைவிட அகலமாகப் பரவிக்கொண்டிருக்கும். விட்டவுடன் இரண்டு மடங்காகத் திரும்பி வரும், அப்புறம் மாதக்கணக்கில் மாத்திரை. இந்த ஒரு விஷயத்தை முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.

மேட்டைத் தினமும் பயிற்சிக்கு முன்பு துடைக்க வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 15 மில்லி பிளீச் திரவம், கடையில் கிடைக்கும் 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் போதும். 10 நிமிடம் ஈரமாக விட்டு, சுத்தமான தண்ணீரில் மறுபடி துடைத்துக் காயவிடுங்கள். ஆசிட், ஃபினாயில் எதையும் இதோடு கலக்காதீர்கள், நச்சுப் புகை வரும். துடைக்கும் மாப் மேட்டுக்கு மட்டும் தனியாக இருக்கட்டும், கழிப்பறை மாப் வேண்டாம். வெளியே போட்ட செருப்பும் ஷூவும் மேட்டின் ஓரத்தைக்கூடத் தொடக் கூடாது. முடித்தவுடன் சோப்புப் போட்டுக் குளியல், ஆளுக்கொரு துண்டு, உடுப்பை அன்றே துவைப்பது. நகம் வாரம் இருமுறை.

காதைப் பற்றி ஒரு வரி. காது மடல் வீங்கி மெத்தென்று ரத்தம் கட்டியிருந்தால் அடுத்த நாளே காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் காட்டி வடித்துவிட வேண்டும், விட்டால் நிரந்தரமாகச் சுருங்கிவிடும். சுருங்கிய காது பயில்வானுக்கு அழகு என்று பையன்களே சொல்வார்கள், நீங்கள் கேட்டுக்கொள்ளாதீர்கள்.

எடை

முதல் ஆண்டு மாணவன் யாரும் எடை குறைத்துப் போட்டியிடக் கூடாது. என் கருத்தில் இதற்கு விதிவிலக்கே இல்லை.

1997 நவம்பர், டிசம்பரில் அமெரிக்காவில் மூன்று கல்லூரி மல்யுத்த மாணவர்கள் எடை குறைக்கும் முயற்சியில் இறந்துபோனார்கள். வட கரோலினா, விஸ்கான்சின், மிச்சிகன் என்று வேறு வேறு மாநிலம், வேறு வேறு கல்லூரி, ஆனால் செய்தது ஒன்றே: வியர்வை வெளியே போகாத உடையைப் போட்டுக்கொண்டு, தண்ணீர் குடிக்காமல் உடற்பயிற்சி. அதன் பிறகு அங்கே கல்லூரி விளையாட்டு அமைப்பு நீராவி அறை, ரப்பர் உடை, நீர் வெளியேற்றும் மாத்திரை எல்லாவற்றையும் தடை செய்தது, பருவம் தொடங்கும் முன் சிறுநீர் அடர்த்தியைச் சோதித்து ஒவ்வொருவருக்கும் குறைந்தபட்ச எடையை நிர்ணயிக்கிறது, வாரத்துக்கு உடல் எடையில் 1.5 சதவீதத்துக்கு மேல் குறைக்க விடுவதில்லை. 70 கிலோ பையன் என்றால் வாரத்துக்கு ஒரு கிலோ. இது தேர்ந்தவர்களுக்கே உள்ள வரம்பு. 2024 பாரிஸில் வினேஷ் போகாட் இறுதிப் போட்டி நாள் காலையில் 100 கிராம் கூடுதலாக இருந்து தகுதி இழந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம், உலகத் தரத்தில் மருத்துவர் குழு கூட இருந்தபோதே இந்த நிலை என்றால், விடுதி அறையில் தனியாகப் பட்டினி கிடக்கும் 18 வயதுப் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

செய்ய வேண்டியது எளிது. இரண்டு வாரம் தினமும் காலையில் கழிப்பறை போய்விட்டு வந்து எடை பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள், சராசரி எங்கே நிற்கிறதோ அதற்கு மேலே உள்ள பிரிவில் பெயர் கொடுங்கள். சர்வதேசப் பட்டியலில் ஆண்கள் ஃப்ரீஸ்டைலில் 57 முதல் 125 வரை 10 பிரிவு, பெண்களில் 50 முதல் 76 வரை 10 பிரிவு. உங்கள் பல்கலைக்கழகத்தின் அந்த ஆண்டுச் சுற்றறிக்கையில் என்ன இருக்கிறதோ அதுவே கணக்கு. ஒரே பிரிவில் இரண்டு பேர் முட்டிக்கொண்டால் இருவரையும் மோதவிட்டுத் தேர்ந்தெடுங்கள், ஒருவனைக் கீழே இறக்காதீர்கள்.

சாப்பாட்டுக்கு விடுதிக் காப்பாளரிடம் பேசி அணிப் பிள்ளைகளுக்குத் தினமும் இரண்டு முட்டை கூடுதலாக வாங்கிவிடுங்கள். சைவம் என்றால் சுண்டல், முளைகட்டிய பாசிப்பயறு, வேர்க்கடலை, தயிர். ஜிம்மில் விற்கும் பவுடர் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். அதில் என்ன கலந்திருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது, ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டினால் பெயர் கெடுவது பிள்ளைக்கு.

மாணவிகள் அணி

இதை இரண்டாம் ஆண்டுக்குத் தள்ளிப்போடாதீர்கள். சாக்ஷி மாலிக் 2016 ரியோவில் வெண்கலம் வாங்கிய பிறகும் நம் ஊரில் 'பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு சார் குஸ்தி' என்று கேட்கும் அப்பாக்கள் இருக்கிறார்கள். அவர்களோடு வாதாடுவதைவிட ஒருநாள் பயிற்சியைப் பார்க்கக் கூப்பிடுங்கள், அம்மாவையும் சேர்த்து. மகள் விழுந்து உருண்டு எழுந்து நிற்பதை நேரில் பார்த்தவர்கள் பெரும்பாலும் மறுபடி தடுப்பதில்லை.

ஆனால் அவர்கள் பயத்துக்கு நியாயமும் இருக்கிறது. 2023இல் நாட்டின் முன்னணி வீராங்கனைகளே டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்து பாலியல் தொல்லை பற்றி நீதி கேட்க வேண்டியிருந்தது. ஆகவே முதல் நாளிலிருந்தே சில ஏற்பாடுகள் கட்டாயம்: பயிற்சி நேரம் முழுவதும் பெண் ஊழியர் ஒருவர் அறையில் இருக்க வேண்டும், கதவு திறந்திருக்க வேண்டும், வெளியூர்ப் பயணத்தில் பெண் பொறுப்பாளர் இல்லாமல் வண்டி கிளம்பக் கூடாது. ஒரு பிடியைக் காட்ட நீங்கள் தொட வேண்டியிருந்தால் முதலில் சொல்லிவிட்டுக் கேளுங்கள், முடிந்தால் இன்னொரு மாணவியை வைத்தே காட்டுங்கள். கல்லூரியின் உள் புகார்க் குழு உறுப்பினர்களின் பெயரும் எண்ணும் பயிற்சி அறைச் சுவரில் இருக்கட்டும். பயிற்சிக்கு டி-ஷர்ட்டும் டிராக் பேன்ட்டும் போதும், போட்டி உடையைப் போட்டி நெருங்கும்போது அணிந்து பழகினால் போதும்.

முதல் போட்டி

பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி, அதில் வெல்கிறவர்களிலிருந்து பல்கலைக்கழக அணி, அந்த அணி அகில இந்தியப் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்கு. இதுதான் பாதை. தகுதிப் படிவம், அடையாள அட்டை, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல் நகல் எல்லாம் ஒரு கோப்பில் ஒரு வாரம் முன்பே தயாராக இருக்கட்டும். சிவப்பு, நீலம் இரண்டு நிறத்திலும் உடை வேண்டும்.

பிள்ளைகளுக்கு விதியைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். 3 நிமிடம் வீதம் இரண்டு சுற்று, நடுவில் 30 விநாடி இடைவெளி. வெளியே தள்ளினால் 1 புள்ளி, கீழே வீழ்த்திப் பின்னால் போனால் 2, எதிராளியின் முதுகை மேட்டைப் பார்க்கத் திருப்பினால் 2, பெரிய எறிதலுக்கு 4, சில சமயம் 5. இரண்டு தோளும் ஒன்றாக மேட்டில் அழுந்தினால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. ஃப்ரீஸ்டைலில் 10 புள்ளி முன்னிலை, கிரேக்கோ ரோமனில் 8 முன்னிலை வந்தாலும் முடிந்தது.

உடம்பில் எண்ணெய்ப் பசை கூடாது, தலையில் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு போனால் நடுவர் திருப்பி அனுப்புவார். மூக்குத்தி, தோடு, கொண்டை ஊசி, அரைஞாண் கயிறு, கையில் மந்திரித்துக் கட்டிய கயிறு எதுவும் இருக்கக் கூடாது. கயிற்றை அவிழ்ப்பது சில வீடுகளில் பெரிய விஷயம், எடை பார்க்கும் வரிசையில் நின்றுகொண்டு அதைப் பேச முடியாது, இரண்டு வாரம் முன்பே வீட்டில் கேட்டுவரச் சொல்லுங்கள்.

ஓரத்தில் உட்காரும்போது நீங்கள் கத்துவது மூன்று சொல்லுக்குள் இருக்கட்டும், பயிற்சியில் தினமும் சொன்ன அதே மூன்று சொல். முதல் போட்டியில் உங்கள் பிள்ளைகள் நிறையத் தோற்பார்கள், சிலர் ஒரு நிமிடத்துக்குள். தோற்றவன் மேட்டை விட்டு இறங்கும்போது தண்ணீர் பாட்டிலோடு நீங்கள் அங்கே நிற்க வேண்டும், விமரிசனம் திங்கட்கிழமை. ஒவ்வொரு ஆட்டத்தையும் யாராவது கைபேசியில் எடுத்துக்கொள்ளட்டும், அடுத்த மூன்று மாதத்துக்கான பாடத்திட்டம் அதில்தான் இருக்கிறது.

பிப்ரவரிக்குப் பிறகு

மூன்றாம் ஆண்டு மாணவர்கள் போய்விடுவார்கள். இப்போதே முதல் ஆண்டுப் பிள்ளைகள் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, புதிதாக வருகிறவர்களுக்கு விழுவதைச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பைக் கொடுங்கள். சொல்லிக்கொடுக்கும்போதுதான் அவர்களுக்கே சரியாக வரும். பக்கத்துக் கல்லூரி ஒன்றுக்கு ஒரு சனிக்கிழமை கூட்டிப்போய்ச் சேர்ந்து பயிற்சி செய்ய வையுங்கள், அந்த உறவு அடுத்த ஆண்டு நிறைய உதவும்.

அடுத்த ஆண்டு நிதிக்கான கடிதத்தில் பதக்கப் பட்டியல் இல்லையே என்று தயங்காதீர்கள். ஜூலையில் எத்தனை பேர், மார்ச்சில் எத்தனை பேர், எத்தனை காயம், எத்தனை தோல் பிரச்சினை, எல்லோருடைய வருகைப்பதிவு சதவீதம், எத்தனை ஆட்டம் ஆடினார்கள் என்று ஒரே பக்கத்தில் எழுதுங்கள். மேட்டின் விலைப்புள்ளி மூன்று கடையிலிருந்து வாங்கி இணைத்து மார்ச் கடைசிக்குள் கொடுத்துவிடுங்கள், ஏப்ரலில் தேர்வு வேலை தொடங்கிவிட்டால் அந்தக் கோப்பை ஜூன் வரை யாரும் திறக்க மாட்டார்கள்.